‘பை ஹிம்செல்ஃப்’ என்று எழுதியிருந்தது

என் சேகரண்ணாவுக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அண்ணி கையெழுத்துப் போடவில்லை.

எதில் என்று உனக்குத் தெரிய வழியில்லை. அப்போது நீ போய் மூன்று வாரம்கூட ஆகியிருக்காது. உன் கம்பெனியிலிருந்து போன் வந்தது. “ஒரு பேப்பர்ல கையெழுத்து வேணும், வந்துட்டுப் போங்க” என்றார்களாம். அண்ணி உறையூரிலிருந்தும் நான் ஸ்ரீரங்கத்திலிருந்தும் வந்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் சேர்ந்துகொண்டு முசிறி பஸ் ஏறினோம். வழி முழுக்க அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக வந்தார்.

நீ பத்து வருஷம் மெக்கானிக்காக இருந்த அந்த வாழைப்பழக் குளிர்கிடங்கை அன்றுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். நீ விழுந்து கிடந்த மெஷின் ரூமைத் தாண்டித்தான் ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தது. ‘இருவராக மட்டுமே உள்ளே செல்லவும்’ என்று கதவிலேயே போர்டு. அதை அண்ணியும் படித்தார்.

மேனேஜர் இரண்டு தாள்களைப் பின் அடித்து வைத்திருந்தார். அடியில் இருந்தது, குளிரூட்டும் அமோனியா கேஸ் கசிந்து நீ போன அன்றே உன் சூப்பர்வைசர் ரபீக் ஹெட் ஆபீசுக்கு இங்கிலீஷில் எழுதிய ரிப்போர்ட். மேலே இருந்தது தமிழ். “அப்படியே மொழிபெயர்ப்புதாம்மா. கீழ ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.” ரபீக்கும் அங்கேதான் இருந்தார். சுவரோரமாக நின்றுகொண்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

தமிழில் இப்படி இருந்தது: ‘மூன்று மணி அளவில் சேகர் தானாகவே மெஷின் அறைக்குள் சென்று வால்வைத் திறந்தார்.’

தானாகவே. யாரும் சொல்லாமல், யாரையும் கேட்காமல். அடித்தாளைப் புரட்டினேன். அங்கே ‘பை ஹிம்செல்ஃப்’ என்றிருந்தது.

“சார், பை ஹிம்செல்ஃப்னா தனியான்னு அர்த்தம். இதுல தானாகவேன்னு போட்டிருக்கீங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

ஒன்றா, அண்ணா? தானாகப் போனாய் என்றால் குற்றம் உன்மேல். தனியாகப் போனாய் என்றால், கூட ஓர் ஆளை அனுப்பாதவர்கள்மேல். நாளைக்கு உன் மகள் திவ்யா அந்தத் தாளைப் படித்தால், அப்பா தன் அவசரத்தால் செத்தார் என்றுதானே நினைப்பாள்?

மேனேஜர் கெட்டிக்காரர். “நீங்க இங்கிலீஷ் டீச்சராமே? ‘த டோர் ஓப்பன்ட் பை இட்செல்ஃப்’னா என்னம்மா? கதவு தனியாவா திறந்துச்சு? தானா திறந்துச்சு. இதுவும் அதேதான்.”

கதவு விஷயத்தில் அவர் சொன்னது சரி. பதினோரு வருஷமாக டுட்டோரியலில் நான்தான் இதை நடத்துகிறேன். ‘ஷி கட் ஹெர்செல்ஃப்’ என்றால் வெட்டியவளும் அவளே, வெட்டுப்பட்டவளும் அவளே. ‘ஹி ஹிம்செல்ஃப் கேம்’ என்றால் வேறு யாருமில்லை, அவரேதான் வந்தார். முன்னால் ‘பை’ வந்தால் தனியாக. கதவையும் இதே பாடத்தில்தான் சொல்லிக்கொடுக்கிறேன். “கதவும் மனுஷனும் ஒண்ணா சார்?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் உங்க கிளாஸ்ல வச்சுக்கங்க” என்று பேனாவை அண்ணியிடம் நீட்டினார். அண்ணி வாங்கிக்கொண்டார்.

அந்த நேரத்தில் எனக்கு ஏன் அது ஞாபகம் வர வேண்டும்? எங்கள் டுட்டோரியல் ஆண்டுவிழாவுக்கு நீ வந்தாய். என்னோடு வேலை பார்ப்பவர்களிடம் கையை நீட்டி, “மைசெல்ஃப் சேகர்” என்றாய். “ஐ ஆம் சேகர்னு சொல்லுண்ணா” என்று அத்தனை பேருக்கு முன்னாலும் திருத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். அதற்கப்புறம் என் எதிரில் நீ ஓர் இங்கிலீஷ் வார்த்தை பேசியதில்லை. வலித்ததா, அண்ணா? உன்னைத் தலைகுனிய வைக்க உதவிய இலக்கணம், உனக்காகப் பேச வேண்டிய நேரத்தில் என்னைக் கைவிட்டுவிட்டது.

பேனா தாளைத் தொடப் போனது. நான் மேனேஜரை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினேன்.

“ரபீக் அண்ணே, எழுதினது நீங்க. என்ன நெனச்சு எழுதினீங்க?”

“ரபீக், யோசிச்சுப் பேசு” என்றார் மேனேஜர்.

ரபீக் யோசித்தார். அவர் கழுத்தில் வேர்வை இறங்குவதைப் பார்த்தேன். மூன்று பிள்ளைகள் அவருக்கு, உனக்குத்தான் தெரியுமே.

“சேகர் இன்னொரு ஆளு கேட்டான், தங்கச்சி. எல்லாரையும் லோடு ஏத்த அனுப்பியாச்சு. மெஷின் நிக்கக் கூடாது, அவனையே போகச் சொல்லுன்னு இந்த சார்தான் சொன்னாரு. நான்தான் போய் அவன்கிட்ட சொன்னேன். தனியா போனான். அதைத்தான் எழுதினேன்.”

மேனேஜர் எழுந்து கத்தினார். அவர் என்ன கத்தினார் என்பது நினைவில்லை. அண்ணி பேனாவை மூடி மேஜைமேல் வைத்தது மட்டும் நினைவிருக்கிறது. “நான் போடமாட்டேன்” என்றார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அடுத்த வாரமே ரபீக்கை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். இப்போது பாலக்கரையில் மச்சான் கடையில் மிக்சி ரிப்பேர் பார்க்கிறார். நாங்கள் தொழிலாளர் துறையில் புகார் கொடுத்து, முதல் விசாரணையும் முடிந்துவிட்டது. அதிகாரி, கம்பெனி தாக்கல் செய்த அந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். தன் குறிப்பில் ‘தனியாக’ என்று எழுதிக்கொண்டார். கிடங்கில் இப்போது இரண்டு பேராகத்தான் உள்ளே போகிறார்களாம். நான்கு மாதம் முன்னால் அது முடியாமல் போனது ஏன்?

அடுத்த முறை ரபீக் சாட்சி சொல்ல வேண்டும். “என்னையும் கேப்பாங்கல்ல தங்கச்சி, நீ ஏன்டா போகச் சொன்னேன்னு?” என்று போனில் கேட்டார். அண்ணி இதுவரை அவரோடு பேசவில்லை. பேசுங்கள் என்று நானும் சொல்லவில்லை.

தீர்ப்பு எப்படி வருமோ தெரியாது. ஆனால் நீ உன் இஷ்டத்துக்குப் போனாய் என்று எந்தத் தாளிலும் யாரையும் எழுத விடமாட்டேன். இது சத்தியம். ரபீக்கை விசாரணைக்கு நானே கூட்டிக்கொண்டு போகிறேன். நேற்று அண்ணிக்கு வந்த விசாரணைக் கடிதத்தைப் படித்துக் காட்டி, தேதியையும் ரபீக்கைக் கூட்டிப்போவதையும் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார்: “நானும் வரேன். ரபீக் அண்ணன் பக்கத்துல நான் உக்காந்துக்கறேன்.”

உன் கூடப் பிறந்தவள்,
மாலதி