மேல் படுக்கைக்காரர்

ஞாயிறு, இரவு.

தங்கையின் கணவரோடு நான் பேசிப் பதினொரு வருடம் ஆகிறது. தன் மகள் கல்யாணத்தில் தாய்மாமன் சீருக்கு என்னைக் கடைசியில்தான் அழைத்தார். அதை நான் மறக்கவில்லை.

ஆனால் இந்தக் காசிப் பயணம். சொந்தக்காரர்கள் முப்பது பேர் போன பஸ், சீட்டைக் கழற்றிப் படுக்கை போட்ட பழைய வண்டி. கழிப்பறை கிடையாது. எனக்கு அடிக்கடி முட்டும். அத்தனை பேர் நடுவில் நிறுத்தச் சொல்ல வெட்கம். கீழ்ப் படுக்கையில் நான் புரளும்போதெல்லாம் மேல் படுக்கையில் இருந்த தங்கை கணவர்தான் குரல் கொடுத்தார்.

“டிரைவர் தம்பி, ஓரங்கட்டுங்க. எனக்கு முடியலீங்க.”

“ஏனுங்க மாமா, வழியெல்லாம் தண்ணி பாய்ச்சறீங்களா?” என்றாள் பின்னாலிருந்து ஒரு மருமகள்.

“தோட்டக்காரன் கண்ணு, பழக்கம் உடுமா?”

பஸ்ஸே சிரித்தது. இறங்கியவர் வேலியோரம் சும்மா நின்றார். நான்தான் போய்விட்டு வந்தேன். கோவை வரும்வரை இப்படியே. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நன்றி சொல்லிக் கடிதம் எழுதி முடித்துவிட்டேன். சீர் விஷயம் வேறு, அது அப்படியே இருக்கட்டும். காலையில் பெயர் போடாமல் தபாலில் போடுவேன். என் கையெழுத்து அவருக்குத் தெரியாது. தங்கைக்குத் தெரியும்.