கறுப்புக்கு எதிரே ஒரு பெயர்

சரோஜினி நகரிலிருந்து உம்முடைய மகள் இன்று காலை வந்தாள். நாப்தலின் வாசனை வீசும் ஒரு தாளைக் கொடுத்தாள். செஸ் போட்டியில் நகர்வுகளைக் குறிக்கும் தாள்.

"அப்பாவோட அல்மாரியில இருந்துச்சு பெரியப்பா. ஒரு மூவ்கூட எழுதலை. பேகார், ஒண்ணுத்துக்கும் ஆகாதுன்னு குப்பையில போடப் போனேன். உங்க பேர் இருந்துச்சா, எடுத்துட்டு வந்தேன்."

உம் கையெழுத்துதான். வெள்ளைக்கு என் பெயர். கறுப்புக்கு அந்தச் செஸ் ஆடும் கம்ப்யூட்டர் நிரலின் பெயர். கீழே எல்லாக் கட்டங்களும் காலி.

தேசிய சாம்பியன்ஷிப்புக்கு டெல்லியிலிருந்து ஆள் எடுக்கும் போட்டி அது. அந்த நிரலையும் ஓர் ஆட்டக்காரராகச் சேர்த்தார்கள். நான் ஹால் வாசலில் நின்று போட்டி நடத்துபவர்களிடம் கத்தினேன். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆபீஸ் நூலகத்துப் பழைய பத்திரிகைகளிலிருந்து ஆட்டங்களைக் கையால் எழுதியெடுத்துக் கற்றவன். ஆட்டத்தின் நடுவே நான் ஒரு புத்தகத்தைத் திறந்தால் வெளியே அனுப்புவீர்கள், அது ஆயிரம் புத்தகத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு உட்காரலாமா என்று கேட்டேன்.

நீர் சிரித்தீர். "நீங்க மனப்பாடம் பண்ணினதெல்லாம் எங்க இருக்கு அண்ணாச்சி? வீட்டுலயா வச்சிட்டு வந்தீய?"

திரையில் வருவதைப் பார்த்து அந்த நிரலுக்காகக் காய் நகர்த்தும் வேலைக்கு நீரே ஒப்புக்கொண்டிருந்தீர் என்று அப்புறம்தான் தெரிந்தது. எல்லார் முன்னாலும் "மெஷினுக்கு எடுபிடி" என்றேன்.

நாலாம் சுற்றில் அது என் மேசைக்கு வந்தது. நீர் கை நீட்டினீர். "மெஷினுக்குக் கை கொடுக்க மாட்டேன்" என்று எழுந்து போய்விட்டேன். அதன் பிறகு உம்மோடு பேசவே இல்லை. நீர் இறந்துபோன செய்தியையும் மோதி பாக் பஸ் நிறுத்தத்தில் யாரோ சொல்லித்தான் அறிந்தேன்.

நீர் ஏன் அந்த வேலைக்குப் போனீர் என்று இன்று அவளிடம் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதா? அப்பா தோத்துத் தோத்துக் கடைசி டேபிள்லயே இருப்பாங்கல்லா. ஜெயிக்கிறவங்களுக்கு ஜெயிக்கிறவங்களோடதான் ஆட்டமாம். மெஷின் ஜெயிச்சுட்டே போனா உங்க டேபிளுக்கு வந்துரும், அண்ணாச்சி எதிர ஒரு தடவ உக்காந்துரலாம்னு சொன்னாங்க. அன்னைக்கு செஸ் கடியாரத்துல உங்க டைம் முடியுற வரைக்கும் அப்பா எழுந்திரிக்கவே இல்லையாம்."

எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் உம் பால்கனியில் ஆடியிருப்போம்! போட்டியில் ஒருமுறைகூட நாம் எதிரெதிரே வந்ததில்லை. அது உமக்கு ஒரு குறை என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இப்போதும் சொல்கிறேன், தேசியப் போட்டியில் இயந்திரத்துக்கு இடமில்லை. நீரே வந்து கேட்டாலும் இதில் மாறமாட்டேன். ஆனால் அன்று நீட்டியது நரம்பு புடைத்த, விரலில் பேனா மை ஒட்டிய கை. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மகள் போன பிறகு, கறுப்புக்கு எதிரே இருந்த நிரலின் பெயரை அடித்துவிட்டு உம் பெயரை எழுதினேன். ஆனால் முதல் நகர்வுக்கான கட்டத்தை நிரப்ப முடியவில்லை. அன்று ராஜாவுக்கு முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவதாக இருந்தேன், ஓய். அந்த நகர்வு இன்னும் என் கையிலேயே இருக்கிறது.