மூன்றாவது ஆட்டின் ஈரல்

அனுப்புநர்:
சா. இன்பமணி, பி.ஏ., எல்.டி.,
சரித்திர ஆசிரியை, தூத்துக்குடி.

பெறுநர்:
கனம் சப் கலெக்டர் அவர்கள் சமூகம்,
தூத்துக்குடி.

பொருள்: புயல் கூண்டு ஏற்றியிருந்தும் தோணியை அனுப்பி, என் தம்பி உள்பட அதிலிருந்த அனைவரையும் சாகவிட்ட தோணி முதலாளி வெள்ளத்துரை மீது நடவடிக்கை கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. இன்று காலை முகம் கழுவுவதற்கு முன்பே மாடிக்கு ஏறித் துறைமுகக் கம்பத்தைப் பார்த்தேன். கூண்டு இல்லை. சென்ற மாதம் என் தம்பி தேவபிரசாதம் சரக்குக் குமாஸ்தாவாகக் கொழும்புத் தோணியில் ஏறிய அன்று, கூண்டு ஊருக்கே தெரியத் தொங்கியது.

2. வழியனுப்பப் போன நான் கண்ணால் கண்டது இது. வழக்கப்படி ஆட்டை வெட்டி, ஈரலைப் பார்த்துக் குறி சொன்னார் பூசாரி சிவனாண்டி. ஆகாது என்றார். முதலாளி இன்னொரு ஆட்டை இழுத்துவரச் சொன்னார். அதற்கும் ஆகாது என்றார். மூன்றாவது ஈரல் நன்றாக இருந்ததாம். உடனே பாய் விரிக்க உத்தரவாயிற்று.

3. கூண்டை நான் சுட்டிக்காட்டியதற்கு முதலாளி, "டீச்சரம்மா, சாமியே சொல்லிட்டுல்லா. பெறவு கூண்டப் பாத்து என்னத்துக்கு?" என்று சிரித்தார். இறங்க வந்த தம்பியிடம், "எறங்குனா அப்படியே வீட்டுக்குப் போயிரு, வேலைக்கு வராத" என்றார். அவன் இறங்கவில்லை.

4. மணப்பாட்டுக் கரையில் பாய்மரத் துண்டு ஒதுங்கியது. ஆட்கள் ஒதுங்கவில்லை.

5. பண்டைய இத்தாலியில் வாழ்ந்த எத்ரூஸ்கர் இனத்துக் குருமார் ஆட்டு ஈரலிலும் மின்னலிலும் தெய்வ சித்தத்தை வாசித்ததையும், ரோமத் தளபதிகள் சாதகமான ஈரல் கிடைக்கும்வரை பலியிட்டதையும் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். இனி அந்தப் பாடத்தை என்னால் சிரித்துக்கொண்டு நடத்த முடியாது.

6. இப்போது முதலாளி தம் வாக்குமூலத்தில் இது தெய்வச் செயல் என்கிறார். குறி தவறியதாகச் சிவனாண்டி மேல் பழி போடுகிறார். குறியில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் சிவனாண்டி இருமுறை தடுத்தார். தடுத்த இரண்டையும் தள்ளிவிட்டுப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டவர், தெய்வத்தின் பின்னால் ஒளிய அனுமதிக்கலாமா?

7. ஆகவே வெள்ளத்துரை மீது வழக்குத் தொடரவும், சிவனாண்டியைச் சாட்சியாக விசாரிக்கவும், கூண்டு ஏறிய நாளில் எந்தத் தோணியும் கரையை விடாதபடி உத்தரவிடவும் கேட்டுக்கொள்கிறேன்.

8. தாங்கள் செய்யத் தவறினால் நான் செய்வதைத் தாங்கள் முன்கூட்டி அறிந்திருப்பது முறை. இனிக் கூண்டு தொங்கும்போது வெள்ளத்துரையின் தோணி புறப்பட்டால், நான் அதில் ஏறி உட்காருவேன், இறங்கமாட்டேன். இதை என் தாயாரிடமும் சொல்லவில்லை.

தூத்துக்குடி,
6-12-1948.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
சா. இன்பமணி