மிக்ஸிச் சத்தத்தில் பேசியவளுக்கு

அடி மேகலா, என் பிடிவாதக்காரி,

நேற்று உனக்குத் தலைத்திவசம் நடந்தது. இந்தப் புனே கராடியில் நல்ல வாழையிலை கிடைப்பதில்லை என்று புலம்புவாயே, உன் படத்துக்கு முன்னால் நுனியிலையாகவே பார்த்துப் போட்டிருந்தார்கள். வடை, பாயசம், பொரியல் எல்லாம் இருந்தன. நடுவில் ஒரு தட்டு நிறைய கடலை வெண்ணெயும் சாக்லேட்டும் சேர்த்த குக்கீஸ். நான் சுட்டதுதான். உயிரோடு இருந்தவரை அதில் ஒன்றைக்கூட நீ வாயில் வைத்ததில்லை என்பது அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வாரம் சரவணன் வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினான். உன் புருஷனை மரியாதை இல்லாமல் எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. நேரில் 'தம்பி, வாங்க, உட்காருங்க' என்றுதான் சொன்னேன். எழுதும்போது கை வரவில்லை.

"அக்கா, மேகலாவுக்கு அந்தக் குக்கீஸ்னா உயிருங்க. படையல்ல அது இல்லீன்னா நல்லா இருக்காதுங்க. அந்தப் பக்குவம் உங்களுக்குத்தான் தெரியும்" என்றான்.

உயிராமே! உனக்கு எது உயிர் என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கடைத்தெரு வண்டியில் மிசல் பாவ், காரமான பயறுக் குழம்பும் பன்னும். மேலே மிதக்கிற சிவப்பு எண்ணெயை இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்லி, மூக்கு ஒழுக ஒழுகத் தின்பாய். இனிப்பைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பாய். கூடவே வாழ்ந்தவனுக்கு அது எப்படித் தெரியாமல் போயிற்று?

ஆனாலும் சரி என்றேன். உன் சமையலறையில் ஒரு தடவையாவது நிற்கவேண்டும் போல இருந்தது.

நம் சிநேகிதமே சண்டையில்தானே ஆரம்பித்தது. கடலையை இரும்புச் சட்டியில் சிறுதீயில் வறுத்து, தாம்பாளத்தில் கொட்டித் தேய்த்து, பொது நடை ஜன்னலோரம் நின்று தோலை ஊதுவாய். அத்தனை தோலும் பறந்து வந்து என் வாசலில் குவியும். "இது வீடா, மில்லா?" என்று கேட்டுக்கொண்டு வந்தேன். நீ ஒன்றும் பேசாமல் சூடாக நாலு குக்கீஸைக் கையில் திணித்தாய். அப்பா ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்ததால் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். தமிழில் சண்டை போட ஆள் கிடைத்ததே என்று எனக்கு அன்றைக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

வறுத்து முடித்ததும் ட்ரை பால்கனிக்குப் போவாய். சமையலறையை ஒட்டி, துணி துவைக்கிற மிஷினுக்கென்று இந்த ஊரில் கட்டிவைக்கிறார்களே, அந்தச் சின்ன இடம்தான். உன் மிக்ஸி அங்கேதான் இருந்தது. கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, சின்ன ஜாரில் கடலையைப் போட்டு ஓட விடுவாய். முதலில் பொடியாகும். இந்த ஊர்க்காரர்கள் அதோடு நிறுத்திக்கொண்டு காய்கறியில் தூவுவார்கள். நீ விடமாட்டாய். பொடி கட்டியாகி, கட்டி பிசுபிசுத்து, கடைசியில் எண்ணெய் விட்டு வெண்ணெயாக இளகும் வரை ஓடும். கல்லைப் போட்டு அரைக்கிற மாதிரி சத்தம்.

அந்தச் சத்தத்தில்தான் நீ பேசுவாய்.

முதல் தடவை பக்கத்தில் நின்றபோது பயந்தே போனேன். உன் வாய் அசைகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காதைக் கிட்டே கொண்டுவந்தால் அத்தனையும் வசவு! என்ன தப்பு என்று சொல்லாமலே நாள்கணக்காக உன்னோடு பேசாமல் இருக்கிற புருஷனுக்கு. 'புனே போனதும் நீயும் வேலைக்குப் போலாம்' என்று கோயம்புத்தூரிலிருந்து கூட்டிவந்துவிட்டு, 'அப்பறம் பாப்பாவை யாரு பாத்துக்கறது?' என்று கேட்ட வாய்க்கு. மிக்ஸியை நிறுத்தினால் நீயும் நிறுத்துவாய். ஜார் ஓரத்தைக் கரண்டியால் வழித்தபடி, "அக்கா, உப்பு ஒரு சிட்டிகை போடட்டுங்களா?" என்று கேட்பாய். மறுபடி மிக்ஸி ஓடும். விட்ட இடத்திலிருந்து வசவும் ஓடும்.

பிறகு நாட்டுச்சர்க்கரை, மாவு, கோகோ, உடைத்த சாக்லேட். உருட்டி, முள்கரண்டியால் அழுத்தி, ஓவனில் வைத்து எடுத்து, டப்பாவில் அடுக்கி, வாட்ச்மேனிலிருந்து மேல்மாடி மராத்தி மாமி வரைக்கும் கொடுத்தனுப்புவாய். 'மேகலா எவ்வளவு ஸ்வீட்!' என்று அபார்ட்மெண்ட் முழுக்கப் பேச்சு. உன் கோபத்தைத்தான் எல்லோரும் தின்றோம், ருசித்துத் தின்றோம்.

அந்தச் சாயங்காலம் ஞாபகம் இருக்கிறதா? உன்னிடம் வாங்கிய இட்லித்தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தேன். அவன் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். நீ பக்கத்தில் போய் நின்று சொன்னாய்.

"ஏனுங்க, மாருல கட்டியாட்டம் ஒண்ணு தட்டுப்படுதுங்க. ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தரலாங்களா?"

அவன் திரும்பவில்லை. உள்ளங்கையை மட்டும் உயர்த்திக் காட்டினான். ஒரு நிமிஷம் என்று அர்த்தம். நீ நின்றாய். நானும் இட்லித்தட்டோடு நின்றேன். அந்த ஒரு நிமிஷம் முடியவே இல்லை.

மறுநாள் உன்னிடம் கெஞ்சினேன். "நான் வரேன்டி. ஒரு ரிக்ஷா பிடிச்சா போயிட்டு வந்துடலாம்."

"வேண்டாங்க்கா. அவரு கூட்டிட்டுப் போவட்டும். இதுக்காச்சும் அவரு வரட்டும்" என்றாய்.

பிறகும் எத்தனை தடவை கேட்டேன்! ஆபீஸில் புது சாஃப்ட்வேர் ரிலீஸ் முடியட்டும் என்று அவன் சொன்னதாகச் சொன்னாய். ரிலீஸ் முடிந்து கணபதி பண்டிகை வந்தது. கணபதி போய் அவனுக்கு வெளிநாட்டுப் பயணம் வந்தது. உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் அவன்மேல் இருப்பதைவிடக் குறைச்சல் இல்லை, தெரிந்துகொள். அவன் வருவானா மாட்டானா என்று உயிரைப் பந்தயம் வைத்தாய். பந்தயம் நடப்பதே அவனுக்குத் தெரியாது. ஏன்டி அப்படிச் செய்தாய்?

கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, 'இவ்வளவு நாள் ஏன் வரலை?' என்று டாக்டர் கேட்டார். "அவ சொல்லவே இல்லீங்க டாக்டர்" என்றான் உன் புருஷன். கட்டிலில் கிடந்த நீ என்னைப் பார்த்தாய். அவனைப் பார்த்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே மிக்ஸி இல்லை.

அவன் சொன்ன அந்த ஒரு வரியை உன் மகள் பிடித்துக்கொண்டாள். நீ போன பிறகு யாழினி என்னிடம் கேட்டதை எப்படிச் சொல்வேன்? "அம்மா ஏன் ஹைட் பண்ணாங்க ஆன்ட்டி? சொல்லிருந்தா அப்பா உடனே கூட்டிட்டுப் போயிருப்பாங்கல்ல? அம்மாக்கு நான் வேணாமா?" உன் படத்தைத் தன் அறையிலிருந்து எடுத்துவிட்டாள். உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். உண்மையைச் சொன்னால் அவளுக்கு அப்பாவும் இல்லாமல் போய்விடுவானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

நேற்று அந்தக் கடி தளர்ந்துவிட்டது.

கூடத்தில் ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். உன் நாத்தனார் வருகிறவர்களிடமெல்லாம், "ஒரு வார்த்த சொல்லியிருந்தா எந்தம்பி காப்பாத்தியிருப்பானுங்க" என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அவன் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். நான் கடலையை ஜாரில் போட்டேன். ட்ரை பால்கனிக் கதவைச் சாத்த முடியவில்லை. சமையல் ஆட்கள் சாம்பார் அண்டாவை வழியிலேயே வைத்திருந்தார்கள். சத்தம்தான் இருக்கிறதே என்று மிக்ஸியை ஓட விட்டேன்.

சத்தம் ஏற ஏற என் வாய் தானாகத் திறந்துகொண்டது. உன் இடத்தில் நின்று, உன் மாதிரியே கத்தினேன். என்ன சுகம்டி அது! இவ்வளவு நாள் இதைத் தனியாக அனுபவித்தாயா?

நீ நடுநடுவே மிக்ஸியை நிறுத்துவது மூச்சு வாங்கத்தான் என்று நினைத்திருந்தேன். மோட்டார் சூடேறாமல் ஆறவிடவும்தான் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நான் நிறுத்தவில்லை. திடீரென்று டப்பென்று மிக்ஸி நின்றது. என் வாய் நிற்கவில்லை.

"அவ சொன்னாடா! மேசைகிட்ட நின்னு சொன்னா! நீ கையக் காட்டின! நான் பாத்தேன்!"

திரும்பினால் சமையலறையில் யாழினி, கையில் காலித் தட்டோடு. அவளுக்குப் பின்னால் சரவணன்.

"ஆன்ட்டி, அம்மா சொன்னாங்களா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் உள்ளங்கையை உயர்த்தி எனக்குக் காட்டினான். ஒரு நிமிஷம். அதே கைதான் மேகலா.

யாழினி அந்தக் கையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "சொன்னாங்க" என்றாள். இப்போது அவள் கேட்கவில்லை.

"காரியம் நடக்கற எடத்துல என்ன பேச்சுங்க இது?" என்று உன் நாத்தனார் ஓடிவந்தாள். "அக்கா, அப்பறமாப் பேசிக்கலாங்க" என்றான் அவன். "உங்க அப்புறம் எனக்குத் தெரியும் தம்பி" என்றேன். யாழினிதான், "முடிங்க ஆன்ட்டி" என்று சொல்லி என் பக்கத்திலேயே நின்றாள். மிக்ஸி ஆறிய பிறகு அடியிலிருக்கிற சிவப்புப் பொத்தானை அழுத்தி, மிச்சத்தை அரைத்தேன். அவளையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஓவனைக் கவனிக்கவில்லை. அடி கருகிவிட்டது. "கருகினதைப் படைக்கக் கூடாது" என்று நாத்தனார் தடுத்தாள். உன் மகள் அவளைச் சுற்றிக்கொண்டு போய்த் தட்டை இலையில் வைத்தாள்.

இன்று மத்தியானம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். மிக்ஸிச் சத்தத்தில் நீ பேசியதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் கடைசியில் சொன்னாள்:

"மிக்ஸி ஓடினா நான் ரொம்ப ஹேப்பி ஆயிடுவேன் ஆன்ட்டி. குக்கீஸ் வரப்போகுதுன்னு ஹோம்வொர்க்க சீக்கிரம் முடிப்பேன்."

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

பிறகு, "இனிமே அப்பாகிட்ட பேசவே மாட்டேன்" என்றாள். பேசாமல் இருப்பது அவனிடமிருந்து வந்தது. வாயை மூடிக்கொண்டு புழுங்குவது உன்னிடமிருந்து வந்தது. இரண்டையும் சேர்த்துக்கொண்டு இந்தப் பெண் எங்கே போய் நிற்பாள்?

"பேசு" என்றேன். "அழு, கத்து, என்ன வேணா கேளு. பக்கத்து வீட்டுக்குக் கேட்டாக் கேக்கட்டும்."

எழுந்து போனாள். இரண்டு வீட்டுக் கதவும் திறந்துதான் கிடந்தது. முதலில் அவன் குரல் ஏதோ சமாதானம் சொன்னது. பிறகு உன் மகளின் குரல், படிக்கட்டு வரை எதிரொலித்தது.

"கைய கீழ போடுங்கப்பா! நான் பேசிட்டிருக்கேன்!"

மேல்மாடி மாமி எட்டிப் பார்த்து, "காய் ஜாலா?" என்று, என்ன ஆச்சு என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்று சொல்லவில்லை நான். பேசுகிறாள், பேசட்டும் என்றேன்.

உன் மிக்ஸி இப்போது என் வீட்டுப் பரணில் இருக்கிறது. நேற்றே, யாரையும் கேட்காமல் எடுத்து வந்துவிட்டேன். யாழினி குக்கீஸ் சுடப் பழக ஆசைப்பட்டால் என் அடுப்படியில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுப்பேன். அவள் பேசும்போது எந்த மிக்ஸியும் ஓடாது. அடுத்த வருஷம் உன் இலையில் எண்ணெய் மிதக்க மிதக்க மிசல் வைப்பேன், யார் தடுத்தாலும் வைப்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. உன்னை மன்னிப்பதாக மட்டும் இப்போதைக்கு வாக்குக் கொடுக்க முடியாது, பார்க்கலாம்.

மிக்ஸியைத் திருப்பித் தராத,
உன் எதிர்வீட்டு அக்கா
வசந்தா