முத்தையாவின் சைக்கிள் சீட்டு

ஆடி வெள்ளி. யுத்தத்துக்கென்று சர்க்கார் போடி ரயில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போன வருஷம். நான் சொல்லச் சொல்ல, என் மூத்த மகன் முத்தையாவின் பெண்சாதி எழுதுகிறாள்.

பட்டாளத்துக்குப் போன முத்தையா தன் உயரத்துக்கு ஏற்றி வைத்த சைக்கிள் சீட்டை யாரும் தொடக்கூடாது என்று என் வீட்டுக்காரி காவல் காத்தாள். ரயில் நின்றதிலிருந்து சின்னவன் அந்தச் சைக்கிளில்தான் போடி ஏலக்காய்க் கடைக்கு வேலைக்குப் போகிறான். பெடல் எட்டாமல் தொடையெல்லாம் புண்.

இன்று அவளே ஸ்பேனரை நீட்டினாள். "ஏலே, சீட்டை இறக்கு."

"அண்ணன் வந்தா வைவாகளே, ஆத்தா?"

"வந்தா ஏத்திக்கிடட்டும்."

துருவேறிய நட்டை எண்ணெய் விட்டு நான்தான் திருகினேன். சீட்டு இறங்கியதும் அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். சாப்பிடவில்லை.

எங்கள் தெருவிலிருந்து பட்டாளத்துக்குப் போன மூவரில் மற்ற இருவரும் செத்ததாக அவரவர் வீட்டுக்குத் தந்தி வந்துவிட்டது; எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எழுது தாயி, நிறுத்தாதே. உயிரோடு இருக்கிறவன் முத்தையா.