பட்டினியோடு மேலே ஏறாதே

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்பதற்குத்தான் இந்தக் கடிதமே. அதனால் வழக்கம்போல அதை ஒரு வரியில் கேட்டுவிட்டுத் தாண்டிப் போக முடியவில்லை.

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. வலது கை ஆள்காட்டி விரலில் கட்டுப் போட்டிருக்கிறது, பேனாவை மற்ற விரல்களில் இடுக்கிக்கொண்டு எழுதுகிறேன். ஏன் கட்டு என்று பிறகு சொல்கிறேன். போனில் பேசினால் ஆகாதா என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே நீ சிரிக்கிறாய். சிரித்து முடித்ததும், "சரியா கேக்கலக்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். புதன்கிழமையிலிருந்து எடுப்பதுகூட இல்லை. கடிதத்தை நீ கிழித்துப் போடலாம்தான். ஆனால் என்னதான் எழுதித் தொலைத்திருக்கிறாள் பார்ப்போம் என்று முதலில் படித்துவிடுவாய், உன் புத்தி எனக்குத் தெரியும். அடுத்த தெருப் பெயின்டர் நாளைக்கு உன் ஊருக்கு வேலைக்குத் திரும்புகிறார். உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் வீட்டுக்காரி நேற்று வந்து போனாள். குட்டிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, பேசினால் பாதி காற்றாக வருகிறது. அதையே பெருமையாக எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிகிறாள். நீ அனுப்பிய புதுப் போட்டோவை உன் வீட்டுக்காரி தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். மேல் மாடிக்காரம்மா பார்த்துவிட்டு, "யாருடி இது, உன் கொழுந்தனா?" என்று கேட்டாளாம். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. உன் சட்டைகளையெல்லாம் ஒரு பையில் கட்டிக் கொண்டுவந்து, பக்கவாட்டில் பிடித்துத் தைத்துக் கொடுங்கள் அண்ணி என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பை அப்படியே கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. எனக்குத் தொட மனம் வரவில்லை.

நீ இளைத்தது எனக்குப் பொறாமை என்று நினைக்காதே. முதலில் நானும் உச்சி குளிர்ந்துதான் போனேன். ராத்திரி சாப்பாட்டோடு வாயைக் கட்டிவிட்டு, மறுநாள் சாயங்காலம் கிரேனிலிருந்து இறங்கிய பிறகுதான் எதையும் தொடுவேன் என்று நீ சொன்னபோது, இவனுக்கா இவ்வளவு வைராக்கியம் என்று ஆச்சரியப்பட்டேன். சின்ன வயதில் பசி வந்தால் வீட்டையே இரண்டாக்குகிறவன் நீ. உன் அறைத்தோழன் சொல்லிக்கொடுத்தானாம், உடம்புக்குள்ளே இருக்கிற கழிவையெல்லாம் உடம்பே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளுமாம், சர்க்கரை வியாதி வந்த வழியே போய்விடுமாம். அதோடு, சாப்பிடாமல் குடிக்காமல் இருந்தால் அவசரத்துக்கு அத்தனை ஏணி இறங்கி ஏற வேண்டாம் என்று நீ சொன்னாய். அந்தக் காரணம்தான் எனக்கு உண்மையாகப் பட்டது.

எங்கள் தையல் தொழிற்சாலையிலும் இப்போது இதே பேச்சுதான். பட்டன் பிரிவில் ஒருத்தி காலைச் சாப்பாட்டை விட்டு மாசக்கணக்காகிறது. நன்றாகத்தான் இருக்கிறாள், முழங்கால் வலி குறைந்துவிட்டது என்கிறாள். பேக்கிங்கில் இருக்கிறவளுக்கு மத்தியானம் ஆனால் தலைவலி, யார் பேசினாலும் எரிந்து விழுகிறாள், சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் இரண்டு வேளைச் சாப்பாட்டைச் சேர்த்து விழுங்குகிறாள். ஆளுக்கு ஒரு கதை.

நானும் செய்து பார்த்தேன். அதை உன்னிடம் சொல்லவில்லை. தம்பியால் முடிகிறது, நம்மால் முடியாதா என்று ஒரு வீம்பு. காலையில் சுகர் மாத்திரையை மட்டும் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். முற்பகலில் ஒன்றும் தெரியவில்லை, உடம்பு லேசாகத்தான் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தபோது எழுந்து போகாமல் காலர் தைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கழுத்தெல்லாம் வியர்த்தது. கை நடுங்கியது. எதிரே இருந்த துணி வெள்ளையா நீலமா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சூப்பர்வைசர் வந்து ஏதோ கேட்டார், நான் ஏதோ சொன்னேன், அது வார்த்தையாகவே வரவில்லையாம். மிஷினை நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது, எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. யோசித்துப் பார். இத்தனை வருஷமாக மிதித்துக்கொண்டிருக்கிற மிஷின். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஊசி விரலில் இறங்கி நகத்தைத் தாண்டி அந்தப் பக்கம் வந்துவிட்டது. வலிகூட உடனே தெரியவில்லை. பக்கத்து மிஷின்காரிதான் ஓடிவந்து என் வாயைப் பிடித்துச் சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டினாள். அவள் வீட்டிலும் சுகர் பேஷன்ட் இருக்கிறார், அதனால் பார்த்ததும் தெரிந்துகொண்டாள்.

கட்டின் கதை இதுதான். நீ பதற வேண்டாம், எலும்புக்கு ஒன்றுமில்லை.

ஆனால் தம்பி, கொஞ்சம் தெளிந்து உட்கார்ந்திருந்தபோது எனக்கு என் விரல் ஞாபகத்துக்கு வரவில்லை. நீ சொன்ன ஒரு சமாச்சாரம்தான் வந்தது. போன மாதம் சிரித்துக்கொண்டே சொன்னாயே, "திடீர்னு எந்த லிவர் எதுக்குன்னே மறந்துபோச்சுக்கா, கீழ நின்னு சிக்னல் குடுக்கறவன், அதான் நம்ம மைக்செட்டு, இடதுன்னு கத்தறான், எனக்குக் காதுல விழுது, கை வலது பக்கம் போகுது" என்று. கம்பிக் கட்டு வேறு மாடிக்குப் போய்விட்டது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். காலையில் கொஞ்சம் கை நடுங்கும், வேர்க்கும், அது கழிவு வெளியேறுகிற அறிகுறி என்றும் சொன்னாய். அது கழிவு இல்லையடா. எனக்கு வந்ததேதான் உனக்கும் வந்திருக்கிறது. நான் தரையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நீ எங்கே உட்கார்ந்திருந்தாய் என்று நினைத்துப் பார்.

மறுநாளே லீவு போட்டுவிட்டு கிளினிக்குக்குப் போனேன். டாக்டரம்மாவிடம் என் கதையைச் சொல்லிவிட்டு உன் கதையையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், நிதானமாகத்தான் பேசினார். "சாப்பிடாம இருக்கறதே தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்மா. சில பேருக்கு எடை குறையுது, சுகரும் கொஞ்சம் இறங்குது. ரொம்ப நாள் இருந்தா என்ன ஆகும்னு இன்னும் யாருக்கும் உறுதியா தெரியாது. உடம்பைச் சுத்தம் பண்ணும்ங்கறதெல்லாம் பெரும்பாலும் எலிக்குப் பண்ணிப் பார்த்ததுதான்" என்றார். பிறகு என் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தார். "ஆனா இதைப் போட்டுக்கிட்டுப் பட்டினி கிடக்கறது வேற விஷயம். நீங்க சாப்பிடுவீங்கன்னு நம்பித்தான் இது வேலை செய்யுது. நீங்க சாப்பிடலைன்னா அதுக்குத் தெரியாது, ரத்தத்துல இருக்கற சர்க்கரையை இறக்கிக்கிட்டே போகும்" என்று சொன்னார். உங்கள் தம்பிக்கு யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டார்.

நான் என்ன சொல்வது? என் சீட்டைக் காட்டித்தான் உனக்கும் சேர்த்து வாங்கி அனுப்புகிறேன். ஒரே ரத்தம், ஒரே வியாதி, ஒரே மாத்திரை என்று நீ ஜோக் அடிப்பாய். அங்கே டாக்டரிடம் போனால் கம்பெனிக்குத் தெரிந்துவிடும், சுகர் இருக்கிறவனைக் கிரேனில் ஏற்ற மாட்டார்கள் என்று உனக்குப் பயம். போன தடவை என் சீட்டில் மாத்திரையின் வீரியத்தைக் கூட்டினார்கள் அல்லவா, உனக்கும் அதையேதான் அனுப்பினேன். வீரியம் கூட இருந்தால் இன்னும் நல்லதுதானே என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

டாக்டரம்மா கடைசியாக, உங்கள் தம்பி என்ன வேலை பார்க்கிறார் என்றார். சொன்னேன். எத்தனை மாடி உயரம் என்றார். அதையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "இன்னிக்கே போன் பண்ணுங்க. அடுத்த பேஷன்ட்டை அப்புறம் கூப்பிடறேன், இங்கயே உக்காந்து பண்ணுங்க" என்றார்.

அங்கே உட்கார்ந்துதான் புதன்கிழமை உனக்குப் போன் பண்ணினேன். நீ என்ன சொன்னாய் என்பது உனக்கே ஞாபகம் இருக்கும். இன்னும் இரண்டு வாரத்தில் லைசென்ஸுக்கு ரத்தப் பரிசோதனை, அதுவரைக்கும் பட்டினியை விட முடியாது, சுகர் இறங்கியிருந்தால்தான் கையெழுத்துப் போடுவார்கள் என்றாய். மாத்திரையையாவது இங்கே ஒரு டாக்டரிடம் காட்டு என்றேன். "என் பொழப்புல மண்ணள்ளிப் போடாதேக்கா, யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதே, என் மேல சத்தியம்" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

எனக்குக் கை ஓடவில்லை. ஒரு நாள் முழுக்கக் காலரைத் தலைகீழாகத் தைத்து வைத்திருக்கிறேன், அத்தனையும் பிரிக்க வேண்டியதாயிற்று. ரோட்டில் ஏதாவது கிரேன் நின்றால் நின்று பார்க்கிறேன். அந்தக் கேபின் எவ்வளவு சின்னது. உள்ளே இருக்கிறவனுக்கு மயக்கம் வந்தால் யார் போய்ப் பிடிப்பது? ஏணி ஏறிப் போவதற்குள் என்ன ஆகும்? இதை உன் வீட்டுக்காரியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் போட்டோவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த வேலை உனக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாதா? கீழே கம்பி சுமந்துகொண்டிருந்தவன், படித்துப் பரீட்சை எழுதி மேலே ஏறினாய். முதல் நாள் கேபினிலிருந்து போன் பண்ணி, "அக்கா, எங்க மேனேஜரு இங்கிருந்து பாத்தா கடுகு மாதிரி தெரியறாரு" என்றாய். நான் அதைத் தெரிந்தவர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன். அந்தச் சந்தோஷத்தை யாராவது பறித்தால் அவர்களை நானே சும்மா விட்டிருக்க மாட்டேன்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். உன் போனில் சார்ஜ் இல்லாமல் ஒரு தடவை மைக்செட்டின் போனிலிருந்து பேசினாய் அல்லவா, அந்த நம்பர் என்னிடம் இருந்தது. இன்று காலையில் அவரைக் கூப்பிட்டேன். உன் சுகர், என் மாத்திரை, பட்டினி எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்குக் கம்பிக் கட்டு ஏன் வேறு மாடிக்குப் போனது என்பதையும் சொன்னேன். அவர் நம்பத் தயங்கினார், உன்னை விட்டுக்கொடுக்கவும் அவருக்கு மனமில்லை. நல்ல மனுஷர். நான் ஒன்றுதான் கேட்டேன். பாரம் தொங்கும்போது நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்று. நாளை திங்கட்கிழமை காலையில் நீ ஏணியில் கால் வைக்கிறதற்கு முன்னாடி பொறுப்பாளரிடம் பேசிவிடுவதாகச் சொன்னார்.

ஆகையால் இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது உன்னைத் தரையில் நிறுத்தியிருப்பார்கள். திரும்ப ஏற்றுவார்களா, மாட்டார்களா என்று எனக்குத் தெரியாது. சாப்பிட்டுக்கொண்டே கட்டுப்படுத்தலாம், இப்படித் தள்ளாட வைக்காத மாத்திரையும் இருக்கிறது, முறையாகப் பார்த்தால் சான்றிதழ் கிடைக்க வழி இருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். இருக்கலாம் என்றுதான் சொன்னார், நான் கூட்டிச் சொல்லவில்லை. இந்த முறை பெயின்டரிடம் மாத்திரை கொடுத்தனுப்பவில்லை. நீயாக எதையும் நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம், உடனே அங்கே ஒரு டாக்டரிடம் போ. சட்டைப் பையில் நாலு மிட்டாய் எப்போதும் இருக்கட்டும்.

உனக்கு என் மேல் எவ்வளவு கோபம் வரும் என்று தெரிந்துதான் செய்தேன். உன் மேல் நீ வைத்த சத்தியத்தை உனக்காகவே மீறினேன். இனிமேல் என் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று நீ சொல்லலாம். வருஷக்கணக்காகப் பேசாமல் இரு, குட்டியையும் அனுப்பாதே, என்னைக் கேட்கிறவர்களிடம் எனக்கு அக்காவே இல்லை என்று சொல். நான் தாங்கிக்கொள்வேன். என்னை யாராவது கேட்டால், என்னோடு பேசாத தம்பி ஒருத்தன் இருக்கிறான் என்று சொல்லிக்கொள்வேன். இருந்தான் என்று மட்டும் என்னைச் சொல்ல வைத்துவிடாதே.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் எனக்குப் போன் பண்ணித் திட்டு.

இப்படிக்கு,
போனைக் கையிலேயே வைத்திருக்கும்
உன் அக்கா