மலை இல்லாத படங்கள்

14 ஓகஸ்ட் 1996, புதன்

"என்னை ஒரு வார்த்தை கேட்டனீங்களே அம்மா?" இதை நான் இன்று சொல்லவில்லை.

வன்கூவரில் சித்தி வீட்டில் நின்றபோது எடுத்த படங்களை, கழுவக் கொடுத்த கடையிலிருந்து வாங்கி வந்தேன். மூன்று நாள் ஊர் பார்க்கப் போவதாக நினைத்து, நூலகப் புத்தகத்தில் மலைகளின் பெயர்களைக்கூடப் படித்துக்கொண்டு போயிருந்தேன். படங்களில் மலையே இல்லை. எல்லாவற்றிலும் நான்தான். கடற்கரைப் படத்தில் மட்டும் சித்தியின் சிநேகிதியுடைய மகன் பக்கத்தில் நிற்கிறான். "மணலுக்கை ஏன் செருப்பு? கழட்டிப்போட்டுக் கிட்ட நில்லு பிள்ளை, அவன் கடிக்கமாட்டான்" என்று சித்தி பகிடி விட்டார். நானும் சிரித்திருக்கிறேன்.

அம்மா அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"குதிச் செருப்பு இல்லாமலே அவன்ரை தோளுக்கு மேலை வாறாய். அவன்ரை தாய்க்காரிக்கு உன்ரை உயரந்தான் யோசினை. சாதகம் எப்பவோ பொருந்திட்டுது."

"எப்ப பாத்தனீங்கள்?"

"உனக்குப் பிளேன் ரிக்கற் எடுக்க முதலே."

நான் சிரிக்கும் அந்தப் படத்தையே உறையில் வைத்து ஒட்டினார். அம்மாவுக்கு ஆங்கிலம் எழுத வராது. அந்தத் தாய்க்காரியின் வன்கூவர் விலாசத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன்.